கெபாசிட்டி பில்டிங்: 'திறன் மேம்பாடு' போதுமா?

உள்ளாட்சி பற்றிய அறிக்கைகளில் அடிக்கடி தென்படும் சொல் 'கெபாசிட்டி பில்டிங்'. தமிழில் 'திறன் மேம்பாடு' என்கிறோம். தவறில்லை. ஆனால் அதைக் கேட்டதும் இரண்டு நாள் பயிற்சி வகுப்பும் சான்றிதழும்தான் நினைவுக்கு வருகின்றன. நடைத்தடங்களையும் திறந்தவெளி நிலங்களையும் காப்பாற்றும் வேலைக்கு அது போதவே போதாது.

வேரைப் பார்ப்போம். இலத்தீனில் 'காப்பெரே' என்றால் பற்றுதல், கொள்ளுதல். 'கேப்ச்சர்' என்ற சொல்லும் அதில் முளைத்ததுதான். ஒன்று எவ்வளவு கொள்ளும் என்பதே 'கெபாசிட்டி'யின் அடிப்படை. 1992-இல் ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டின் 'அஜெண்டா 21' என்ற செயல்திட்ட ஆவணம் தன் 37-ஆவது அத்தியாயத்தை கெபாசிட்டி பில்டிங்குக்கே ஒதுக்கியது.

நம் 'கொள்' அதற்கு அப்படியே பொருந்துகிறது: கொள்ளளவு, கொள்கலம், கொள்முதல். வாங்குவதும் கொள்ளுதல்தான், தன்னிடம் வைத்திருப்பதும் கொள்ளுதல்தான். நில விஷயத்தில் சிக்கலே இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் நகராட்சி ஒரு நிலத்தை ஒரே நாளில் வாங்கிவிடலாம், ஆனால் எல்லையை அளந்து வரைபடத்தில் ஏற்றவும், ஆண்டுதோறும் நடந்து பார்த்து ஆக்கிரமிப்பு உண்டா என்று குறித்து வைக்கவும் ஆள் இல்லையென்றால் அது பத்திரத்தில் மட்டும்தான் இருக்கும். தடமும் அப்படித்தான். மழைநீர் குறுக்கே வழிந்து போகாமல் தடத்தின் நீளத்துக்கு ஓடினால் மண் அரித்துப் பாதையே ஓடையாகிவிடும். நடப்பவர்கள் ஓரத்துச் செடிகளை மிதித்துப் புதுவழி போடுவார்கள். இதை முன்கூட்டியே கண்டு சரிசெய்யத் தெரிந்த ஓர் ஆளும், அவருக்கு ஆண்டுதோறும் தவறாத சம்பளமும் வேண்டும்.

பணத்துக்கு வழி? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து போல்டர் நகர மக்கள் 1967-இல் வாக்களித்து, திறந்தவெளி நிலங்களுக்காக 0.4 விழுக்காடு விற்பனை வரியைத் தங்கள் மேல் தாங்களே விதித்துக்கொண்டார்கள். நிலத்தை வாங்க மட்டுமல்ல, பராமரிக்கவும்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொது இடங்களில் 'திறன் மேம்பாடு' இருக்கட்டும். நிலமும் தடமும் பேச்சில் வரும்போது நான் 'பேணுதிறன்' என்பேன். 'கன்சர்வேஷன்' என்பதன் வேரான 'செர்வாரே'க்குக் காத்தல் என்று பொருள். காத்து வளர்ப்பதைத்தானே பேணுதல் என்கிறோம். 'நகராட்சியிடம் நிலம் இருக்கிறது, பேணுதிறன் இல்லை' என்று எழுதிப் பாருங்கள், அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: குறைவது ஆளா, பணமா, வரைபடமா?