சிட்டி கோல்ஃபுக்கு மின் மோட்டார்: எஞ்சினை இறக்கிய பிறகுதான் வேலை

வோக்ஸ்வாகன் 1984 முதல் 2009 வரை தென்னாப்பிரிக்காவில் தயாரித்த சிட்டி கோல்ஃபை டர்பனில் தேட வேண்டியதில்லை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒன்றாவது கண்ணில் படும். எஞ்சின் தேய்ந்து புகை கக்க ஆரம்பித்ததும் பழைய இரும்புக்குப் போகிற கார் அது. வீட்டிலேயே மின்சாரக் காராக மாற்ற நினைப்பவருக்கோ அதைவிட வசதியான வண்டி கிடைப்பது கஷ்டம். எடை சுமார் 900 கிலோதான். பழைய மாடல்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. எஞ்சின் போய்விட்டதே என்று குழம்பித் தகராறு செய்ய அதில் எந்த மின்னணுக் கருவியும் இல்லை.

கழற்றுவது சுலபம். பழகிய மெக்கானிக் ஒருவரும் ஒரு செயின் பிளாக்கும் இருந்தால் போதும். எஞ்சின், சைலன்சர், ரேடியேட்டர், பெட்ரோல் டேங்க் எல்லாம் போகும். கியர்பாக்ஸ் மட்டும் இருக்கும். அதன் வாயில் மோட்டாரைப் பொருத்த வேண்டும். மோட்டாரின் துளைகளும் கியர்பாக்ஸின் துளைகளும் பொருந்தாது என்பதால் நடுவில் தடித்த அலுமினியத் தட்டு ஒன்றைக் கடைந்து வைக்கிறார்கள். இரண்டு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் சுழல வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு விலகினாலும் அதிர்வு வரும், பேரிங் சீக்கிரம் போய்விடும். இந்த ஒரு தட்டை மட்டும் நல்ல லேத் பட்டறையிடம் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

பெட்ரோல் எஞ்சின் குறைந்த வேகத்தில் இழுக்காது, நின்ற நிலையில் இழுக்கவே இழுக்காது. அதனால்தான் கிளட்சும் முதல் கியரும். மின் மோட்டார் நேர் எதிர். சுழலாமல் நிற்கும்போதே முழு முறுக்குவிசையும் தரும். சுழலச் சுழல அதுவே ஒரு ஜெனரேட்டர்போல எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தைத் தடுக்கிறது. இழுவையைத் தீர்மானிப்பது ஆம்பியர், வேகத்தைத் தீர்மானிப்பது வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் போட்டுவிட்டு மாற்றாமலே ஓட்டலாம்.

மலிவாகக் கிடைப்பது ஃபோர்க்லிஃப்டிலிருந்து கழற்றிய டிசி (நேர்மின்னோட்ட) சீரீஸ் மோட்டார். ஒரே மின்னோட்டம் அதன் இரண்டு சுருள்களிலும் ஓடுவதால், ஆம்பியரை இரட்டிப்பாக்கினால் இழுவை கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். மேடு ஏற அருமை. ஆனால் சுமையில்லாமல் ஓடவிட்டால், அதாவது கிளட்சை மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரையும் அழுத்தினால், வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி மோட்டார் சிதறிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பெடலுக்கு ஏற்ப மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடும் கன்ட்ரோலருக்குள் டிரான்சிஸ்டர்கள், குழாயைத் திறந்து மூடுவதுபோல, நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடுகின்றன; பாதி நேரம் திறந்திருந்தால் மோட்டாருக்குச் சராசரியாகப் பாதி வோல்ட். டிரான்சிஸ்டர் கெட்டால் பெரும்பாலும் மூடிக்கொள்ளாது, திறந்தபடியே நின்றுவிடும். டிசி காரில் அதற்குப் பொருள், பெடலிலிருந்து காலை எடுத்தாலும் கார் முழு வேகத்தில் பாயும் என்பது. ஏசி (மாறுமின்னோட்ட) மோட்டாரில் மூன்று ஃபேஸ்களும் முறைப்படி மாறி மாறி வந்தால்தான் சுழற்சியே உண்டு. ஒன்று கெட்டால் இப்படிப் பாயாது. விலை அதிகம்தான். ஆனாலும் குடும்பத்தோடு போகிற வண்டி என்றால் ஏசிக்கே என் ஓட்டு.

சரி, பேட்டரி. லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு மிக மோசமாக இருந்தது 2023-இல். இருட்டிலிருந்து தப்பிக்க வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் வாங்கினார்கள். அந்த வகைப் பேட்டரிகளுக்குள் இருக்கும் 280 ஆம்பியர்-மணி செல்லைக் காருக்கும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஒரு செல் 3.2 வோல்ட், ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 36 செல்களைத் தொடராக இணைத்தால் 115 வோல்ட், சுமார் 32 கிலோவாட்-மணி, எடை 200 கிலோவுக்குள். இதே ஆற்றலை லெட்-ஆசிட் பேட்டரியில் வைக்கப்போனால் முக்கால் டன்னுக்கு மேல் ஏற்ற வேண்டும். ஊருக்குள் 100 கிலோமீட்டருக்கு 15 கிலோவாட்-மணி செலவாகும் என்று வைத்தாலும், சாட்ஸ்வொர்த்திலிருந்து மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்து மிச்சமிருக்கும்.

ஆனால் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். எவ்வளவு வேகமாக அதை வெளியே எடுக்கலாம் என்பது மறுபாதி. இந்தக் கார் சமதரையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகச் சுமார் 4 கிலோவாட் போதும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகி, தேவை 20 கிலோவாட்டைத் தாண்டிவிடும். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுமார் 600 மீட்டர் உயரம். ஆளோடு சேர்த்து 1,100 கிலோவை அங்கே தூக்க 1.8 கிலோவாட்-மணி. அது பெரிதல்ல. சிக்கல் அதைச் செலவழிக்கும் வேகத்தில் இருக்கிறது. 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சாலையில் மணிக்கு 80-இல் போக வேண்டுமானால் பேட்டரி 26 கிலோவாட் தர வேண்டும், அதாவது ஏறக்குறைய 225 ஆம்பியர். வீட்டுச் சேமிப்புக்கென்று செய்த செல்கள் பலவற்றுக்குத் தொடர்ந்து 140 ஆம்பியர்தான் பரிந்துரை. பைன்டவுனைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது இந்த வித்தியாசம் செல்லின் சூட்டில் தெரியும். செல் வாங்கும்போது கொள்ளளவுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

115 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் பாதிதானே என்று அலட்சியம் கூடாது. ஏசி நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுவதால் சுவிட்சை அணைக்கும்போது வரும் தீப்பொறி தானே அணையும். டிசிக்கு அந்த இடைவெளி கிடையாது. பொறி நீண்டு நீண்டு உலோகத்தையே உருக்கும். எனவே ஃபியூஸ், காண்டாக்டர் (பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் பெரிய மின்சுவிட்ச்) எல்லாம் டிசிக்கென்றே செய்தவையாக இருக்க வேண்டும். கன்ட்ரோலருக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும்போது பேட்டரியை நேரடியாகச் சேர்த்தால், அந்த ஒரு கணத்தில் பாயும் மின்னோட்டம் காண்டாக்டரின் முனைகளை வெல்டிங் செய்ததுபோல ஒட்டவைத்துவிடும். அதற்காகத்தான் முதலில் ஒரு மின்தடை வழியாக மெல்ல நிரப்பி, அப்புறம் காண்டாக்டரை இணைக்கிறார்கள். பேட்டரியின் எந்த முனையும் காரின் உடம்பைத் தொடக்கூடாது.

எஞ்சின் சொல்லாமல் செய்துவந்த வேலைகள் இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியவரும். அதன் காற்று உறிஞ்சும் குழாயில் உண்டாகும் வெற்றிடம்தான் பிரேக் பூஸ்டருக்கு உதவி. எஞ்சின் போனால் பெடல் கல்லாகிவிடும். மின்சார வெற்றிட பம்ப் ஒன்றும் சிறு தொட்டியும் கட்டாயம். ஹீட்டருக்குச் சுடுநீர் வராது. டர்பனில் குளிருக்கு ஹீட்டர் வேண்டாம் என்று விட்டுவிடலாம், ஆனால் மழை நாளில் முன்கண்ணாடியில் படியும் ஆவியை விரட்டச் சூடான காற்று தேவை. அதற்குச் செராமிக் ஹீட்டர். விளக்கு, வைப்பர், ஹார்னுக்கு 12 வோல்ட் தர ஆல்டர்னேட்டருக்குப் பதில் டிசி-டிசி கன்வெர்ட்டர். காகித வேலையும் இருக்கிறது: பதிவுச் சான்றில் எஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் இருப்பதால், அதை மாற்றி, சாலைத் தகுதிச் சோதனைக்கும் வண்டியைக் கொண்டுபோக வேண்டும்.

சாதாரண 230 வோல்ட் பிளக்கில் 10 ஆம்பியர் எடுத்தால் 2.3 கிலோவாட், ஓர் இரவில் 100 கிலோமீட்டருக்கானது ஏறிவிடும். செலவு நிச்சயம் குறையும். புகை குறையுமா என்றால், தென்னாப்பிரிக்க அரசு மின்நிறுவனமான எஸ்காமின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு கிலோவாட்-மணிக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்தால் 100 கிலோமீட்டருக்கு 17 கிலோ. அதே தூரத்துக்கு 8 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் கார் 18 கிலோ. கணக்கு மாற வேண்டுமானால் கூரையில் சோலார் வேண்டும். வெயில் இருக்கும் நேரத்தில் கார் வேலைக்குப் போயிருக்கும் என்பதால், சனி ஞாயிறில் நிரப்பி வாரம் முழுக்க ஓட்டுகிற அளவுக்குப் பேட்டரியைப் பெரிதாக வைக்கலாம். அன்றாடம் 30 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இந்த 36 செல்கள் அதற்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும்.