நார்மலைசேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பெரியவர்கள் தங்கி வாழும் இல்லங்களைப் பற்றிப் படித்தால் ‘நார்மலைசேஷன்’ என்ற சொல்லைத் தாண்டாமல் போக முடியாது. அவர்களுக்கும் மற்றவர்களைப் போன்ற அன்றாட வாழ்க்கை கிடைக்க வேண்டும் என்ற கொள்கையின் பெயர் அது. கணினித் துறையில் புழங்கும் ‘இயல்பாக்கம்’ என்பதையே இங்கும் வைத்துவிடத் தோன்றும். வைக்கக் கூடாது.

லத்தீனில் ‘நார்மா’ என்றால் தச்சரின் மூலைமட்டம். அந்த மட்டத்துக்கு ஒத்து நிற்பது ‘நார்மல்’. மாற்றுத்திறனாளிகள் துறைக்குள் இந்தக் கருத்து வந்த வழி டென்மார்க். நீல்ஸ் எரிக் பாங்க்-மிக்கெல்சன் முன்னின்று உருவாக்கிய 1959ஆம் ஆண்டுச் சட்டம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் வாழ்க்கை மற்றவர்கள் வாழும் வாழ்க்கைக்கு முடிந்தவரை நெருக்கமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்தது. 1969இல் ஸ்வீடனின் பெங்ட் நீர்யே அதை ஒரு கொள்கையாக விரித்து எழுதினார்.

நீர்யே எழுதியதில் என்னை மிகவும் பிடித்து நிறுத்துவது அதன் அன்றாடத் தன்மை. குறைபாடு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஒருவர் காலையில் படுக்கையை விட்டு எழுந்து உடுத்திக்கொள்ள வேண்டும். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அவரைச் சீக்கிரமே படுக்கவைக்கக் கூடாது. குடியிருப்பது ஓரிடம், வேலைக்குப் போவது வேறிடம், பொழுதுபோக்கு இன்னோரிடம் என்று இருக்க வேண்டும். ஆண்டில் விடுமுறையும் குடும்ப விசேஷங்களும் வர வேண்டும். அவரவர் விருப்பத்துக்கு மதிப்பு, ஆணும் பெண்ணும் கலந்து பழகும் சூழல், கையில் செலவுக்குக் காசு ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு இல்லத்தின் தரத்தை அளக்க இதைவிட நல்ல கோல் எனக்குத் தெரியவில்லை. ஷிப்ட் மாறுவதற்கு வசதியாக நாற்பது வயதுக்காரரை மாலை ஏழு மணிக்கே படுக்கவைக்கிறார்கள் என்றால், தரை எவ்வளவு பளபளத்தாலும் அது நல்ல இல்லம் ஆகாது.

இந்தக் கோலை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே இருந்த விண்டர்போர்ன் வியூ சாட்சி. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களின் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் என்று நடத்தப்பட்ட 24 படுக்கைத் தனியார் மருத்துவமனை அது. அங்கிருந்தவர்களை ஊழியர்கள் அடித்துத் துன்புறுத்தியதை 2011இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி மறைகேமராவில் பதிவுசெய்து காட்டியது. மறு ஆண்டு 11 பேர் தண்டனை பெற்றார்கள், அவர்களில் 6 பேருக்குச் சிறை. வெளியார் வந்துபோகாத, தனக்கென்று ஓர் அன்றாட ஒழுங்கு இல்லாத வாழ்க்கையில் கொடுமை பிறர் கண்ணில் படுவதே இல்லை.

இனி தமிழுக்கு வருவோம். ‘ஆக்கம்’ என்று முடித்தால், யாரை ஆக்குவது என்ற கேள்வி உடனே எழுகிறது. ஆட்டிசம் உள்ளவரைக் கையை அசைக்காதே, முகத்தைப் பார்த்துப் பேசு என்று திருத்தி ‘நார்மல்’ ஆக்குவதாகப் பொருள் திரும்பிவிடும். ஆங்கிலத்திலும் இதே குழப்பம் வந்தது. இந்தக் கொள்கையை வட அமெரிக்காவில் பரப்பிய வுல்ஃப் வுல்ஃபென்ஸ்பெர்கரே 1983இல் சொல்லைக் கைவிட்டு, சமூகத்தில் மதிப்புள்ள பங்கு கிடைக்கச் செய்தல் என்ற பொருளில் வேறு பெயருக்கு மாறினார்.

நமக்கு வேண்டிய சொல் நாளிதழிலேயே இருக்கிறது. ‘கனமழையால் இயல்பு வாழ்க்கை பாதிப்பு’ என்று படிக்கும்போது மக்கள் இயல்பற்றவர்கள் ஆனதாக யாரும் நினைப்பதில்லை. பேருந்து ஓடவில்லை, கடை திறக்கவில்லை என்றே புரிந்துகொள்கிறோம். குறை சூழலில், மனிதரில் இல்லை. ஆகவே ‘இயல்பு வாழ்க்கை நெறி’ என்பதே பொருத்தம். 1993இல் வந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்வீடன் சட்டம் ‘மற்றவர்களைப் போல வாழ’ வாய்ப்புத் தருவதே நோக்கம் என்று சொல்வதும் இதைத்தான். ‘இந்த இல்லம் இயல்பு வாழ்க்கை நெறிப்படி நடக்கிறதா?’ என்று எழுதினால், அங்கே யாரைச் சோதிக்க வேண்டும் என்பதில் குழப்பம் வராது.