ஒத்துழைப்பு உடன்பாடு

மலாய் மொழியில் ‘பெர்ஜன்ஜியான் கெர்ஜாசாமா’. விமான நிலைய நிர்வாகமும் நிலையம் அமைந்த ஊரின் நகராண்மையும் விமான இரைச்சல், கட்டட உயரம், சாலை, வடிகால், தீயணைப்பு, உள்ளூர் ஆட்களுக்கு வேலை என்று யார் எதைக் கவனிப்பது என எழுதிக் கையெழுத்திடும் பத்திரத்துக்கும் இந்தப் பெயர் பொருந்தும்.

இதைத் தமிழில் ‘கூட்டுறவு ஒப்பந்தம்’ என்று எழுதுவது, மலேசியாவில் கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங் வட்டாரத்தில் எடுபடாது. ரப்பர்த் தோட்டத்து மக்களுக்குக் கூட்டுறவு என்றாலே 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்தான். தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோன காலத்தில், தொழிலாளர்களே காசு சேர்த்து அவற்றை வாங்கப் பிறந்த சங்கம் அது. பங்குப் பத்திரத்தைச் சேலைக்கு அடியில் பெட்டியில் வைத்திருக்கும் பாட்டியிடம் ‘விமான நிலையத்தோடு கூட்டுறவு’ என்று சொன்னால், “நமக்கு எத்தனை பங்குய்யா?” என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி.

கெர்ஜா என்றால் வேலை. சமஸ்கிருதக் ‘கார்ய’ மலாய்க்குப் போய் அப்படியானது. சாமா என்பது ‘சம’. இரண்டும் சேர்ந்தால் ஒன்றாக வேலை செய்தல். தமிழில் ஒத்து + உழைப்பு, ஒத்துழைப்பு. கோயில் திருவிழா நோட்டீசில் எல்லாரும் படித்த சொல்தான்.

‘பெர்ஜன்ஜியான்’ பகுதிக்கு ஒப்பந்தம் பிழையில்லை. ஆனால் தோட்டத்தில் அது கொந்திராக் (காண்டிராக்ட்) வேலையை நினைவுபடுத்தும்: வேலை முடிந்தது, கூலி வாங்கியாச்சு, உறவும் முடிந்தது. ஊரும் விமான நிலையமும் அப்படிப் பிரிய முடியாது. எனக்கு உடன்பாடுதான் பிடிக்கிறது. குறள் 890 அதை ‘உடம்பாடு’ என்கிறது: மன ஒப்புதல் இல்லாதவரோடு வாழ்வது, ஒரே குடிசைக்குள் பாம்போடு குடியிருப்பது போல. செம்பனைக்காட்டு மக்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

விமான நிலையம் அமைந்த ஊரை ‘உபசரணை நகரம்’ என்பதும் பொருந்தாது. உபசரிப்பு வந்து போகும் விருந்தாளிக்கு. 1998இல் திறந்த கேஎல்ஐஏ, அதாவது கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம், கோலாலம்பூர் பெயரைத் தாங்கினாலும் இருப்பது சிலாங்கூரின் சிப்பாங்கில். செம்பனையும் ரப்பரும் நின்ற மண்ணில். ‘இடம் தந்த ஊர்’ என்பதே சரி.

புரிந்துணர்வுக் குறிப்பு வேறு. அது பெரும்பாலும் எண்ணத்தைச் சொல்வதோடு நின்றுவிடும். உடன்பாட்டில் கடமையும் கணக்கும் இருக்கும். கனடாவின் வான்கூவர் விமான நிலையம், தான் நிற்கும் மண்ணின் மஸ்குவியம் பழங்குடி மக்களோடு 2017இல் 30 ஆண்டுகளுக்கு ஓர் உடன்பாடு செய்தது. அதில் வேலைவாய்ப்பும் கல்வி உதவியும் உண்டு. ஆண்டு வருவாயில் 1 விழுக்காடும் அவர்களுக்கு.