கைசர், ஜார்: ஒரு குடும்பப் பெயர் பட்டமான கதை

ஜெர்மனியின் கைசரும் ரஷ்யாவின் ஜாரும் ஒரே சொல்தான்: சீசர். முதலில் அது பட்டமே இல்லை. ரோமில் யூலியர் குலத்தின் ஒரு கிளைக்கு வழங்கிய பெயர். வெட்டுதல் என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது என்றார் பண்டைய ரோம எழுத்தாளர் பிளினி. அந்தக் குடும்பத்தில் யாரோ தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டாராம். நாம் சொல்லும் 'சிசேரியன்' இந்தக் கதையின் மிச்சம். ஜூலியஸ் சீசரே அப்படிப் பிறந்தார் என்பதை நம்ப வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அப்படிப் பிள்ளை பெற்ற தாய் பிழைப்பது அரிது; அவருக்கு வயது நாற்பதைத் தாண்டும்வரை தாய் அவுரேலியா உயிரோடிருந்தார்.

மன்னராட்சியை விரட்டிய ரோமர்களுக்கு 'ரெக்ஸ்', அதாவது அரசன், என்ற சொல்லே ஆகாது. ஜூலியஸின் சுவீகாரப் பிள்ளையான ஆக்டேவியன் அந்தச் சொல்லைத் தொடாமல் தந்தையின் பெயரை மட்டும் சூட்டிக்கொண்டு ஆண்டார். கி.பி. 68இல் நீரோவோடு அந்த வம்சம் அற்றுப்போனது. ஆனாலும் பிறகு வந்தவர்கள் பெயரை விடவில்லை. அங்கேதான் பெயர் பட்டமானது.

பழைய லத்தீனில் அதன் ஒலிப்பு ஏறக்குறைய 'கைசர்'. ஜெர்மானியர்கள் அந்தக் காலத்திலேயே வாங்கியதால் ஒலி அப்படியே தங்கிவிட்டது. ஸ்லாவியரிடம் அது 'த்சேசார்' ஆகி, தேய்ந்து 'த்சார்' ஆனது. 1547இல் ரஷ்யாவின் நான்காம் இவான் அந்தப் பட்டத்தோடு முடிசூடினார். அரபு, பாரசீகம் வழியாகச் சுற்றி வந்த 'கைசர்' 1877இல் விக்டோரியாவுக்குக் 'கைசர்-இ-ஹிந்த்' (இந்தியப் பேரரசி) பட்டமாக இந்தியாவிலும் வந்து இறங்கியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பழைய தமிழ் பைபிளில் சீசர் 'இராயன்': "இராயனுடையதை இராயனுக்கும்". கிருஷ்ணதேவராயர் பெயரில் உள்ள அதே ராயர்தான். கேட்க அழகான சொல், ஆனால் ஒரு வேடிக்கை: இராயன் வடமொழி 'ராஜன்' வழி வந்தது; ராஜனும் ரெக்ஸும் ஒரே வேர். சீசர்கள் எந்தச் சொல்லுக்கு அஞ்சினார்களோ, அதன் உறவுக்காரச் சொல்லையே அவர்களுக்குச் சூட்டிவிட்டோம்!

பாரதி 'ஜார் சக்கரவர்த்தி' என்றார். இன்று பலர் எழுதும் 'ஜார் மன்னர்' தரத்தைக் குறைத்துவிடுகிறது. ஆள்பெயராக வந்தால் சீசர், பட்டமாக வந்தால் பேரரசர் என்று எழுதலாம். ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: கி.பி. 293இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் வகுத்த ஏற்பாட்டில் மூத்தவர் அகஸ்டஸ், அவருக்குக் கீழே இருந்தவரே சீசர். அங்கே 'இளம்பேரரசர்' என்பதே பொருந்தும்.