பென் டிரைவில் இறங்கும் ஒளிபரப்பு

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், காயும் துணிகளுக்குப் பின்னால், தென்கிழக்கே கடலுக்கு மேலாக வானத்தைப் பார்த்தபடி ஒரு டிஷ் ஆண்டெனா நிற்கிறது. தூர்தர்ஷனின் இலவச டிடி ஃப்ரீ டிஷ் சேவைக்காகப் பொருத்தியது. கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள்தான் அதன் இலக்கு. இந்த ஒளிபரப்பை செட்-டாப் பெட்டியில் செருகிய பென் டிரைவில் பதிவு செய்யும்போது, பெட்டி திரையைப் படம் பிடிப்பதாகவே பலர் எண்ணுகிறார்கள். அது செய்வதோ, வந்து விழும் எண்களை வரிசை மாறாமல் எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளையின் வேலை.

சாதாரண டிவி படம் ஒன்றில் 720க்கு 576 என்ற கணக்கில் புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 2 பைட், விநாடிக்கு 25 படங்கள் என்று பெருக்கினால், ஒரு மணி நேர நிகழ்ச்சி ஏறக்குறைய 75 ஜிபி ஆகிவிடும். ஆகவே நிலையத்திலேயே எம்பெக் முறையில் அதைச் சுருக்கிவிடுகிறார்கள். அரை விநாடிக்கு ஒருமுறை போல ஒரு முழுப் படத்தை அனுப்பி, இடையில் வருபவற்றுக்கு முந்தைய, பிந்தைய படங்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் அனுப்பினால் போதும். விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் வரும் சேனல் மணிக்கு 1.8 ஜிபிதான் பிடிக்கும். அப்படியும் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் 4.5 ஜிபியைத் தொடுகிறது. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால், கிளைமாக்ஸ் தனிக் கோப்பாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சுருக்கிய தரவு 188 பைட் அளவுள்ள சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொன்றின் முதல் பைட்டும் 71 என்ற எண். அதைக் கொண்டுதான் பெட்டி பொட்டலத்தின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கிறது. ஒரே அலைவரிசையில் பல சேனல்களின் பொட்டலங்கள் கலந்து வருகின்றன. துறைமுகத்தில் மூட்டையின் குறியைப் பார்த்துப் பிரிப்பதைப் போல, பொட்டலத்தின் தலைப்பிலுள்ள அடையாள எண்ணைப் பார்த்து, வேண்டிய சேனலின் படத்தையும் ஒலியையும் மட்டும் பெட்டி எடுத்து எழுதுகிறது. மீண்டும் சுருக்குவதில்லை, எனவே தரம் இம்மியும் குறைவதில்லை. பழைய விசிஆர் நாடாக்களை (கடற்காற்றில் பூஞ்சை பிடிக்காமல் தப்பியவற்றை) கேப்சர் கருவி வழியாகக் கணினியில் ஏற்றுவது வேறு கதை. அங்கே அனலாக் படத்தைப் புதிதாக எண்களாக்கிச் சுருக்க வேண்டியிருப்பதால் இழப்பு நிச்சயம்.

கேபிள் பெட்டியில் பதிவு செய்த கட்டணச் சேனலின் கோப்பு கணினியில் திறக்காததற்குப் பென் டிரைவ் காரணமன்று. அத்தகைய பெட்டிகள் பதிவைத் தமக்கே உரிய சாவியால் பூட்டி எழுதுகின்றன. எங்கள் பழைய பெட்டி பழுதாகி வேறொன்று வந்தபோது, சேர்த்துவைத்திருந்த பதிவுகள் ஒன்றுகூட ஓடவில்லை. மாட்ட வந்தவரும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை.

விளம்பரங்களை வெட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முழுப் படம் இருக்கும் இடத்தில் வெட்டினால் கோப்பு சுத்தமாக ஓடும். நடுவில் வெட்டினால், மாற்றக் குறிப்புகளுக்கு ஆதாரப் படம் இல்லாமல் அடுத்த முழுப் படம் வரும்வரை திரை சாம்பல் நிறத்தில் குழம்பும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் உண்மையான தொல்லை. இந்த ஒளிபரப்பைச் சுமந்து வரும் கேயு பேண்ட் எனும் நுண்ணலைகளை மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்கின்றன. இதை எதிர்பார்த்தே ஒவ்வொரு பொட்டலத்துடனும் 16 பைட் திருத்தக் குறியீட்டைச் சேர்த்து அனுப்புகிறார்கள்; 8 பைட் வரை கெட்டாலும் பெட்டி சரிசெய்துவிடும். பிழை அதற்கு மேல் போனால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஒலி விக்குகிறது. உடைந்தபடியே அது கோப்பிலும் பதிவாகிறது. வந்து சேராத பைட்டுகளைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது என்பதால், மழை நாளில் பதிவு செய்ததை மறு ஒளிபரப்பில்தான் மீண்டும் பிடிக்க வேண்டியிருக்கிறது.