பந்து வரும்போது முகம் ஏன் திரும்புகிறது?

மூன்று வயதுக் குழந்தையிடம் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுப் பாருங்கள். இரண்டு கைகளையும் விறைப்பாக முன்னால் நீட்டிக்கொள்ளும். பந்து நெருங்கும் நேரம் பார்த்து முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்க மூடும். பந்து மார்பில் பட்டு உருண்டு ஓடிய பிறகு, காலியாக இருக்கும் கைகள் சாவகாசமாக மூடும். நமக்குச் சிரிப்பு வரும்.

அந்தத் தாமதத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். கண் பார்த்ததற்குக் கை அசையப் பெரியவர்களுக்கே சுமார் 0.2 நொடி பிடிக்கிறது. குழந்தைக்கு இன்னும் கூடுதல். பந்து வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு விரலை மடக்கினால் அதற்குள் பந்து போயே போச்சு. எங்கே, எப்போது வரும் என்று மூளை முன்கூட்டியே கணித்தாக வேண்டும்.

இந்தக் கணக்கில் பெரும் பங்கு பின்மண்டையில் இருக்கும் சிறுமூளைக்கு. பெயரில்தான் சிறுமை. மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் ஏறக்குறைய 6,900 கோடி அங்கேதான் குடியிருக்கின்றன. எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு என்றால், ‘தப்பு’ என்ற செய்தி அங்குள்ள பர்கின்ஜி எனும் நரம்பு செல்களுக்குப் போகிறது. அந்தத் தப்புக்குத் துணைபோன இணைப்புகள் சற்று வலுவிழக்கின்றன. அடுத்த முறை கை ஒரு துளி முன்னதாக மூடுகிறது. தவறவிட்டுத் தவறவிட்டுத்தான் பிடிக்கப் பழக முடியும்.

நடையும் அப்படித்தான். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர், 12 முதல் 19 மாதக் குழந்தைகளை இஷ்டம்போல் விளையாடவிட்டு எண்ணிப் பார்த்து 2012-இல் கணக்கை வெளியிட்டார்கள்: மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள், 17 முறை விழுதல்.

அடால்ஃபின் இன்னொரு சோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். தவழ்ந்து பழகிய குழந்தையைச் செங்குத்தான சரிவின் உச்சியில் விட்டால், ஆபத்தை உணர்ந்து நின்றுவிடும். அதே குழந்தை நடக்க ஆரம்பித்ததும் அதே சரிவில் தயங்காமல் காலை வைத்துக் கவிழும் (பிடித்துக்கொள்ள ஆள் பக்கத்திலேயே நிற்பார்). தவழும்போது போட்ட கணக்கு நிற்கும் உடம்புக்குச் செல்லாது. சமநிலையை முதலிலிருந்து கற்க வேண்டும். நன்றாக ஓடுகிற பிள்ளைக்குப் பந்து எறியவும் தானாக வந்துவிடும் என்று நினைப்பதும் இதே காரணத்தால் தப்பு.

அப்படியானால் நம் வேலை என்ன? ‘பந்தைப் பாருடா, பந்தைப் பாரு’ என்று கத்துவது அல்ல. பந்தின் வேகத்தைக் குறைப்பது. முதலில் தரையில் உருட்டிவிடலாம். பிறகு, பெரிய மெத்தென்ற பந்தைக் கிட்ட நின்று மெல்லப் போடலாம். மெல்லிய துணியை மேலே வீசினால் அது அசைந்தாடி இறங்கும். கணிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும். பலூனும் உதவும், ஆனால் வெடித்த துண்டுகளை உடனே எடுத்துவிடுங்கள், தொண்டையில் சிக்கும். அடிபடாது என்று தெரிந்துவிட்டால் முகத்தைத் திருப்புவதும் மெல்லக் குறையும்.

பேபி வாக்கர் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் உட்கார்ந்த குழந்தை கால்விரலால் உந்தி நகர்கிறது. சமதரையில் தடுமாறி விழ வாய்ப்பில்லாததால் சமநிலைக் கணக்கு எதுவும் நடப்பதில்லை. படிக்கட்டில் வாக்கரோடு உருண்ட விபத்துகளால் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடைசெய்தது.

மூன்று, நான்கு வயதில் நாளுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டி. கேட்க மலைப்பாக இருந்தாலும், ஒரே மூச்சில் தேவையில்லை. நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தால் போதும்.

குழந்தை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய, அது எறியும்போது காலைப் பாருங்கள். ஆரம்பத்தில் கால் அசையாது, கை மட்டும் வீசும். பிறகு வலது கையால் எறிந்தால் வலது காலையே முன்வைக்கும். பார்க்கக் கோணலாக இருக்கும், திருத்த வேண்டாம். அப்புறம் ஒருநாள் இடது கால் முன்னால் வரும், இடுப்பு திரும்பும், பந்து நீங்கள் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போகும்.