கறுத்த மானிட்டருக்கு டார்ச் வைத்தியம்

2023-ல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு ஒரே நாளில் பல முறை வந்து போனது. கரண்ட் திரும்பும் நொடிதான் மானிட்டருக்குக் கண்டம். தெருவில் எல்லா வீட்டு ஃபிரிஜும் கீசரும் ஒன்றாக இழுக்க, வோல்டேஜ் தள்ளாடும். டர்பன் நகரக் கடலோரத்தில் உப்புக்காற்று வேறு போர்டை அரிக்கும்.

திரை கறுத்தால் முதலில் பவர் விளக்கைப் பாருங்கள். எரியவே இல்லையென்றால் வேறு பவர் ஒயர் மாட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து "சிக்னல் இல்லை" என்று எழுத்து வந்தால் மானிட்டர் நலமே. கேபிளையோ கம்ப்யூட்டரையோ தேட வேண்டும். விளக்கு எரிகிறது, எழுத்தும் இல்லையா? அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். எல்சிடி திரையிலுள்ள திரவப் படிகத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னாலிருந்து வரும் ஒளியை விடும், மறிக்கும், அவ்வளவே. மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வந்துகொண்டிருக்கிறது, அந்தப் பின்விளக்கு, அதாவது பேக்லைட்தான் போயிற்று. பேக்லைட்டாகக் குழல்விளக்கு உள்ள பழைய மானிட்டர் இரண்டு நொடி ஒளிர்ந்து அணைவதும் இதே வகை: குழலோ, அதற்கு உயர் வோல்டேஜ் தரும் இன்வெர்ட்டர் போர்டோ பழுதானதும் பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடுகிறது.

விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால், அல்லது சூடேறிய பிறகே படம் வந்தால், பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கும் சிறு உருளையான கெப்பாசிட்டர்மேல் சந்தேகப்படலாம். உள்ளே உள்ள திரவம் சூட்டில் மெல்ல வற்றும். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தலை தட்டையாக இருக்க வேண்டியது குமிழ்போல் உப்பியிருக்கும், சிலதில் பழுப்புப் பசை கசியும். மேலே 1000 மைக்ரோஃபேரட் (தேக்கும் அளவு), 16 வோல்ட் என்றிருந்தால் அதே மைக்ரோஃபேரட், 25 வோல்ட், 105 டிகிரி வரை தாங்கும் வகை போடலாம். வோல்ட் கூடலாம், குறையவே கூடாது. சாம்பல் கோடு மைனஸ் பக்கம். திருப்பிப் போட்டால் வெடிக்கும். அதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை: 230 வோல்ட் வரும் இடத்திலுள்ள பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

திரையில் ஒரு செங்குத்துக் கோடு நின்றுவிட்டதா? மானிட்டரின் சொந்த மெனுவைத் திறங்கள். அதை வரைவது மானிட்டரின் போர்டு. கோடு மெனுவையும் வெட்டினால் கம்ப்யூட்டர் மீது பழியில்லை. கண்ணாடி ஓரத்தில் ஒட்டிய, சிக்னல் கடத்தும் மெல்லிய ஃபிலிமின் பிடி விட்டிருக்கும். விளிம்பை லேசாக அழுத்தினால் கோடு மறைவதே அதற்கு அடையாளம். இதை வீட்டில் ஒட்ட முடியாது. தனிப் பேனல் வாங்கும் விலைக்குப் புது மானிட்டர் கிடைத்துவிடும். விரிசலுக்கும் இதே தீர்ப்பு. கெப்பாசிட்டர் பழுதுக்கு மட்டும் சால்டரிங் அயர்னை எடுப்பது லாபம்.

பழையதைக் குப்பைவண்டியில் போடக்கூடாது. 2021 முதல் இங்கே தென்னாப்பிரிக்காவில் மின்கழிவை நிலத்தில் கொட்டத் தடை. குழல்விளக்கு மானிட்டர் என்றால் குழலில் பாதரசம் உண்டு, உடைக்காமல் மறுசுழற்சிக்குக் கொடுங்கள்.